மின்சார வண்டிக்கு காந்தம் வேணும்.. கரைக்கு மணல் வேணும்! குமரி மீனவர்கள் எதிர்ப்பது ஏன்?

நாகர்கோவில்:

பெட்ரோல் விலைக்கு பயந்து மின்சார ஸ்கூட்டர், காருக்கு மாறுவோர் எண்ணிக்கை கூடி வருகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, ஊருக்கு நல்லதுதான். ஆனால் அந்த மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கும் குமரி மாவட்ட கடற்கரை மணலுக்கும் சம்பந்தம் உண்டு. அந்த மணலை அள்ளலாமா, கூடாதா என்பதில்தான் மத்திய அரசு நிறுவனமும் மீனவ மக்களும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

மணல்ல என்ன இருக்கு?

மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்கும். அதில் இலுமனைட், சிர்கான், கார்னெட் ஆகியவற்றுடன் மோனசைட் என்ற தாதுவும் இருக்கிறது. நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற அரிய மண் உலோகங்கள் இந்த மோனசைட்டில்தான் கிடைக்கின்றன. இவற்றை இரும்பு, போரானுடன் சேர்த்தால் சின்ன அளவிலேயே ரொம்ப வலுவான காந்தம் தயார். ஒரு மின்சார காரின் மோட்டாருக்கு சுமார் 1 முதல் 2 கிலோ காந்தம் தேவைப்படும். புது ரக காற்றாலைகள் பலவற்றிலும் இதே காந்தம்தான்.

இது 100 வருஷத்துக்கும் மேல் பழைய கதை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் நிபுணர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை கண்டார். அப்போது காஸ் விளக்கு மேண்டில் செய்ய, மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது. இப்போது மணவாளக்குறிச்சி மணல் ஆலையை அணுசக்தி துறையின் கீழ் உள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் நடத்துகிறது.

அரசு ஏன் அவசரப்படுகிறது?

அரிய மண் உலோகங்களை சுத்திகரிப்பதில் சுமார் 90 சதவீதம் சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகன நிறுவனங்கள் திண்டாடின. அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டிலேயே ஆண்டுக்கு 6 ஆயிரம் டன் காந்தம் தயாரிக்க ரூ.7,280 கோடி திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. அதற்கு மூலப்பொருள் வேண்டும்.

இந்த போட்டி சூடு பிடிக்கும் முன்பே, கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 எக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டம் போட்டது. அதாவது 2,800 ஏக்கருக்கும் மேல்.

மீனவர்கள் பயம் என்ன?

மணல் மேடு போனால் கடல் ஊருக்குள் வராதா என்பதுதான் முதல் கேள்வி. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. வள்ளம் ஏற்றவும், வலை காயவைக்கவும் கரை வேண்டும். கனிமத்தை பிரித்தபின் மீதி மணலை அதே இடத்தில் நிரப்பி விடுவோம் என்கிறது நிறுவனம். ஏற்கனவே கடல் அரிப்பில் வீடு இழந்தவர்களுக்கு அந்த உறுதிமொழி போதவில்லை.

கதிர்வீச்சு இருக்கா?

மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இயற்கையிலேயே இந்த மணலில் கதிர்வீச்சு உண்டு. மணலை கிளறினால் புற்றுநோய் கூடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். இதே போன்ற மணல் உள்ள கேரளாவின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரை கண்காணித்து 2009-ல் வெளியான ஆய்வில், இயற்கை கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக தெரியவில்லை. ஆனால் அது தானாக கிடக்கும் மணலை பற்றிய ஆய்வு. மணலை தோண்டி, பிரித்து, லாரியில் ஏற்றும்போது பறக்கும் தூசி வேறு விஷயம்.

மக்களிடம் கேட்பார்களா?

2024 அக்டோபர் 1-ந்தேதி நடப்பதாக இருந்த கருத்துக்கேட்பு கூட்டம் கடும் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு 2025 செப்டம்பர் 8-ந்தேதி, அணு கனிமம், முக்கிய கனிம சுரங்கங்களுக்கு கருத்துக்கேட்பே தேவையில்லை என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. இதை திரும்பப் பெறக்கோரி அந்த மாதமே முதல்-அமைச்சர் என்ற முறையில் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு கடிதம் எழுதினார்.

வேறு வழி?

மொத்த மணலையும் அள்ளினாலும் சீனாவை நம்பியிருப்பது முழுசா தீராது. காந்தம் சூட்டை தாங்க சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் நம்ம மணலில் எடுக்கிற அளவுக்கு இல்லை. அரிய மண் காந்தமே இல்லாத மோட்டார்கள் வந்துவிட்டன. பழைய ஹார்டு டிஸ்க், மோட்டார்களில் இருந்தும் காந்தத்தை மீட்கலாம். ஆனால் இவை பெரிய அளவில் வர காலம் பிடிக்கும். அதுவரை தாது எங்கிருந்தாவது தோண்டித்தான் ஆகவேண்டும்.

நாடு முழுக்க புகையில்லாத வண்டி ஓட, நஷ்டத்தை சுமக்கப்போவது ஒரு தாலுகாவின் சில ஊர்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், வீட்டுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம், கடல் உள்ளே வந்தால் யார் பொறுப்பு என்று அந்த ஊர் மக்கள் அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கக்கூடிய ஒரே இடம் கருத்துக்கேட்பு கூட்டம். அதையே வேண்டாம் என்றதுதான் கடற்கரை கிராமங்களில் கோபத்தை இரட்டிப்பாக்கி இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.