காலை எட்டரை மணிக் கணக்கு

வானிலைத் துறைக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, காலை 8.30 மணிக்கு. முந்தைய 24 மணி நேரத்தில் மழைமானியில் சேர்ந்த நீரை நாடு முழுவதும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். மழையை அளக்கக் கிளம்பும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் தடுமாறுவதும் இங்கேதான். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே ஒருவர் பார்த்துவிடுவார். சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. திங்கட்கிழமை மணியடித்த பிறகு இன்னொருவர் போய்ப் பார்ப்பார். மூன்று நாள் மழையும் ஒரே நாள் கணக்கில் ஏறிவிடும். ‘எங்கள் ஊரில் கனமழை அதிகரித்துவிட்டது’ என்ற முடிவு அப்படித்தான் பிறக்கிறது.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, அறிக்கையாக எழுத வேண்டும். 2004, 2005-இல் நீர்வளம் மையக் கருவாக இருந்தது. 2014, 2015-இல் வானிலையும் பருவநிலையும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி ஒரு வியாதி தென்படும்: மூன்று மாதம் அளந்துவிட்டு, ‘பருவநிலை மாற்றம் நிரூபணமாகிறது, மரம் வளர்ப்போம்’ என்று முடித்துவிடுவது. பருவநிலை என்பதே முப்பது ஆண்டுச் சராசரி. உலக வானிலை அமைப்பு இப்போது ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம். மூன்று மாத அளவை வைத்து அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தது வேறு. எனக்கு அதுதான் சுவையானதாகத் தோன்றுகிறது.

ஒரு தண்ணீர் பாட்டிலின் தலையை அறுத்து, அதையே கவிழ்த்துச் செருகினால் மழைமானி தயார். பாட்டிலின் அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் கூழாங்கற்களைப் போட்டு, பாட்டில் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழி என்று கோடு போட வேண்டும். அருகில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதில் 1 மில்லிமீட்டர் ஏறினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1 லிட்டர் விழுந்திருக்கிறது என்று பொருள். 1 சென்ட் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 405 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை, மொட்டைமாடித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கிணறு இதைவிடச் சிக்கலானது. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் எதுவென்று பளிச்சென்று தெரியும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எப்போது அளக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. மும்முனை மின்சாரம் வந்தால் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஓடும்; மட்டம் இறங்கும். நிறுத்திய பிறகு மெல்ல ஏறும். விடிகாலையில் அளந்த கிணற்றை அடுத்த வாரம் மதியத்தில் அளந்துவிட்டு, நிலத்தடி நீர் குறைகிறது என்று எழுதினால், அது மோட்டாரைப் பற்றிய ஆய்வே தவிர மழையைப் பற்றியதல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறார்கள். ஒரு பள்ளி வாரம் ஒருமுறை அளந்தாலே, ஒரு நல்ல மழைக்குப் பிறகு கிணறு எத்தனை நாளில் ஊறுகிறது, ஏரியில் தண்ணீர் நிற்கும்போது எவ்வளவு மெதுவாக வற்றுகிறது என்பதெல்லாம் அந்த ஊருக்கென்றே தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் கடினப் பாறைதான் அடியில் இருக்கிறது. பாறை வெடிப்பைப் பொறுத்து, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கடலோரப் பள்ளிகளுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். உறிஞ்சி உறிஞ்சி மேலே 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்பு 40 மீட்டர் மேலேறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நடப்பது இந்தக் கதைதான். நீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மீட்டரை வைத்து, கடலிலிருந்து உள்நோக்கிக் கிணறு கிணறாக அளந்துபோனால், உப்பு எதுவரை வந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் ஓரளவு குறித்துவிடலாம். குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. ஆனால் அந்த மீட்டர் காட்டுவது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. கலந்திருப்பது கடல் உப்பா, சாயக்கழிவா என்று அது சொல்லாது.

இதெல்லாம் அரசு செய்யாததா என்று கேட்கலாம். செய்கிறதுதான்; ஆனால் எல்லா ஊரிலும் மானி இல்லை. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழையே அதைவிடச் சற்றுக் குறைவு. பத்து கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத திருச்செந்தூரில் 69. இடைப்பட்ட ஊர்களில் எவ்வளவு பெய்தது என்பதை அங்கே ஒரு மானி இருந்தால் மட்டுமே சொல்ல முடியும். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்து மீனச்சில் ஆற்றுப்படுகையில் ஊர்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழையையும் ஆற்று மட்டத்தையும் அளந்து வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். மேலே எவ்வளவு பெய்தது என்பது கீழே இருப்பவர்களுக்கு வெள்ளம் வருமுன் தெரிந்துவிடுகிறது.

நம் மாநாட்டு முறையில் ஒரு குறை: அறிக்கையோடு வேலை முடிந்துவிடுகிறது, அளவுகளைக் குறித்த நோட்டு தொடர்வதில்லை. மாநாடு முடிந்ததும் மழைமானி குப்பைக்குப் போகும். அளந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போய்விடும். ஒன்பதாம் வகுப்பு அளந்த நோட்டை ஏழாம் வகுப்பு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி போதும். 2014-இல் ஒரே ஒரு கிணற்றை அளக்கத் தொடங்கிய பள்ளி ஒன்று நிறுத்தாமல் இருந்திருந்தால், 2015-இன் பெருமழை, வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்த 2016, சென்னை ஏரிகள் வறண்ட 2019 எல்லாமே வாரவாரியாக அதன் நோட்டில் இருந்திருக்கும். பருவநிலையைப் பற்றிப் பேசத் தேவையான முப்பது ஆண்டில் பதினோரு ஆண்டு 2025-லேயே முடிந்திருக்கும்.