விரல் முதலில், ஸ்கேன் அப்புறம்

கேரளத்தின் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இரண்டும் தொடுவது தமிழ்நாட்டை. பாலக்காட்டின் அட்டப்பாடியில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், சுரம் இறங்கி மன்னார்க்காடு போவதா, ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் போவதா என்று வீட்டில் பேச்சு நடக்கும். இடுக்கியின் மறையூர்க்காரர்களுக்கு உடுமலை. மூணாறு எஸ்டேட்காரர்கள் போடிமெட்டு இறங்கித் தேனி போவார்கள். எப்படிப் போனாலும் அன்றைய கூலி போச்சு. அனுப்பியே ஆக வேண்டுமா, இங்கேயே பார்த்துக்கொள்ளலாமா என்று சொல்ல வேண்டியவர், பெரும்பாலும் படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன ஒரு மருத்துவர்.

அவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வரிசை பழையது: பார், தொடு, தட்டு, கேள். தட்டிப் பார்ப்பதை 1761இல் எழுதிவைத்தவர் வியன்னா மருத்துவர் ஆவன்புருக்கர். சத்திரக்காரர் மகன்; பீப்பாயில் ஒயின் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்க்கும் வழக்கத்தையே நோயாளியின் மார்புக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். லென்னெக்கின் ஸ்டெதாஸ்கோப் 1816இல் வந்தது. இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் எல்லை உண்டு. நுரையீரலைச் சுற்றி ஏறக்குறைய 300 மில்லி நீராவது கோத்தால்தான் விரலுக்கு மந்த ஒலி பிடிபடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 50 மில்லியையே காட்டிவிடும். வயிற்று நீரைப் புரட்டித் தட்டிக் கண்டுபிடிக்க ஒரு லிட்டருக்கு மேல் சேர வேண்டும்; ஸ்கேனுக்கு 100 மில்லி போதும்.

மண்ணீரல் இன்னும் நல்ல உதாரணம். அட்டப்பாடியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை உண்டு. அந்த நோயில் மண்ணீரல் சிறுவயதில் வீங்கும். பிறகு பலருக்குச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் அது விலா விளிம்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். சுருங்கிப்போனதை எந்தப் பேராசிரியரின் விரலும் சொல்லாது.

2005இல் லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனையிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 18 மணி நேரப் பயிற்சி பெற்ற இரண்டு முதலாண்டு மாணவர்கள் கையடக்க ஸ்கேன் கருவியால் இதயக் கோளாறுகளில் 75 சதவீதத்தைப் பிடித்தார்கள். அனுபவமிக்க இதய மருத்துவர்கள் தொட்டும் கேட்டும் பிடித்தது 49 சதவீதம். இதைக் காட்டி ஸ்டெதாஸ்கோப்பை மூட்டை கட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. ஸ்கேன் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் பகுதியான புரோபை எங்கே வைப்பது என்று சொல்வதே கைதான். எங்கே அழுத்தினால் நோயாளி முகம் சுளிக்கிறார், கண் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதெல்லாம் திரையில் வராது. காற்றும் எலும்பும் ஒலியலையை மறித்துவிடும். அப்போது கருவியும் ஊமை.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர் முதலில் கையால் பார்க்கட்டும். கல்லீரல் விளிம்பு இங்கே என்று பேனாவால் தோலில் கோடு போடட்டும். அப்புறம் ஜெல் தடவி, அதே கட்டிலில், புரோபை வைத்துச் சரிபார்க்கட்டும். முன்பெல்லாம் விரல் சொன்னது சரியா தவறா என்று பேராசிரியர் சொன்னதை நம்ப வேண்டும், அல்லது எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது விடை அந்த நிமிடத்திலேயே கிடைக்கிறது. அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகம் 2006லிருந்து நான்கு ஆண்டுப் படிப்பு முழுவதும் இதைச் சேர்த்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு நடுவில் ஒரு சட்டம் நிற்கிறது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் இன்னும் கடுமையானது. ஒவ்வொரு ஸ்கேன் கருவிக்கும் பதிவு வேண்டும். கர்ப்பிணியைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் படிவம் 'எஃப்' நிரப்ப வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் கருவியைப் பதிவுபெற்ற இடத்தின் உள்நோயாளிகளுக்கோ, நடமாடும் மருத்துவப் பிரிவிலோதான் பயன்படுத்தலாம். ஆகவே, மாணவர்கள் கிராமக் குடும்பங்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்துக்குப் போகும் மாணவர் ஸ்டெதாஸ்கோப்பும் பி.பி. கருவியும் கொண்டு போகலாம். பாக்கெட் புரோபைக் கொண்டு போக முடியாது. மருத்துவர்கள் இதைச் சொல்லிப் புலம்புவதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, தேனி எல்லையைத் தாண்டினால் வரும் உசிலம்பட்டியின் 1980களை நினைத்துப் பார்க்க வேண்டும். பெண்சிசுக் கொலைக்காக நாடே பேசிய ஊர் அது. மண்ணீரலைத் தேடும் அதே புரோப், சில அங்குலம் கீழே நகர்ந்தால் வேறு வேலையும் செய்யும்.

ஆனால் கல்லூரி வளாகத்துக்குள், பதிவுபெற்ற கருவியில், தகுதியுள்ள ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது சொல்லிக்கொடுக்கத் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் கீழ் தொடங்கியது. இடுக்கிக் கல்லூரியும் அதே ஆண்டுதான்; இடையில் அங்கீகாரம் போய், 2022இல் 100 இடங்களோடு மறுபடி உயிர் வந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் நோயாளிகளைப் பார்க்கும் இந்த இரண்டு இடங்களும் ஆரம்பிக்க ஏற்றவை. பாடத்திட்டம் பெரிதாக இருக்க வேண்டாம்: நெஞ்சில் நீர், வயிற்றில் நீர், நிறைந்த சிறுநீர்ப்பை, மண்ணீரல், இதயம் சுருங்கி விரியும் வேகம். இறுதித் தேர்வில் ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கும் 'லாங் கேஸ்' பகுதியில் முதலில் விரலுக்கு மதிப்பெண், பிறகு புரோபுக்கு. கர்ப்பிணிகளை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டியதில்லை.