ஸ்டீயரிங் உதறலுக்கு 5,920 ரூபாய்

கொடைக்கானலில் இருந்து இறங்கி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை தாண்டி, கொடைரோடு அருகே நான்குவழிச் சாலையில் ஏறி மதுரைப் பக்கம் திரும்பும் வரை வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறியது. 100இல் கை மரத்துப் போகிற அளவுக்கு. 70க்குக் குறைத்தால் நின்றுவிட்டது. பின்சீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். மீதி தூரத்தை 65க்கு மேல் போகாமல் ஓட்டி வந்தேன்.

முதலில் போன பட்டறையில் யாரும் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. அலைன்மென்ட் பார்த்து 750 ரூபாய் வாங்கினார்கள். உதறல் அப்படியே இருந்தது. அடுத்ததாக ஸ்டீயரிங் ராக், லோயர் ஆர்ம் எல்லாம் மாற்றவேண்டும் என்று 31,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற உதறல் பெரும்பாலும் சுற்றுகிற பொருளில் இருந்துதான் வரும். அந்த 750 எனக்கு நஷ்டக் கணக்கு.

வண்டியின் டயர் 235/65 ஆர்17. சுற்றளவு ஏறக்குறைய 2.32 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 432 சுற்று. 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12 சுற்று. ரிம்மில் 45 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால் அந்த வேகத்தில் சுமார் 5 கிலோ எடை அளவுக்கு, நொடிக்கு 12 முறை, சக்கரத்தை உலுக்கும். வேகம் கால்பங்கானால் விசை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கொண்டை ஊசி வளைவில் 25 கி.மீ.யில் போகும்போது அதே 45 கிராம் வெறும் 325 கிராம்தான். மலைப்பாதையில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்வதும் சமவெளியில் வெளிப்படுவதும் இதனால்தான்.

அடுத்துப் போனது வத்தலக்குண்டில் ஒரு சின்ன டயர் கடைக்கு. அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "சும்மா ஓடும்போது ஆடுதா சார், பிரேக் புடிச்சா ஆடுதா?" இரண்டிலும் ஆடியது. "அப்ப ரெண்டு வியாதி" என்றார்.

முன் வலது சக்கரத்தைக் கழற்றி மெஷினில் ஏற்றினார். திரையில் 80 கிராம். ரிம்மின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பண்ணைக்காடு பக்கம் தோட்டத்து மண்பாதையில் மழையோடு போய்வந்ததன் மிச்சம். கழுவித் துடைத்து மறுபடி சுற்றினால் 45. மண் போன இடத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு பசைத் தடங்கள். ஒட்டியிருந்த வெயிட் எங்கோ விழுந்துவிட்டிருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 45, 20, 15, 10 என்று 90 கிராம் ஒட்டினார். பேலன்சிங் 600, வெயிட் கிராமுக்கு 3 ரூபாய் வீதம் 270, ஆக 870 ரூபாய். மலைக்குப் போனால் காற்றழுத்தம் மாறும் என்பார்களே என்று கேட்டேன். மாறத்தான் செய்யும். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் கேஜில் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடும். 35 டிகிரியில் இருந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 3 குறையும். ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

சும்மா ஓடும்போது வந்த ஆட்டம் பேலன்சிங்கோடு நின்றது. 80இல் பிரேக் வைத்தால் வருவது மட்டும் மிச்சம்.

அது இந்த மலையே வைத்த கோளாறு. ஏழு பேர், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 2,300 கிலோ. கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். இறங்கும்போது கரைக்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 40 மெகாஜூல். 25 டிகிரியில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. சுமார் மூன்றில் ஒரு பங்கை டயரின் உருளல் தின்றுவிடும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். நான் மூன்றாவது கியரிலேயே இறங்கினேன். பெரும்பங்கு பிரேக்கின் தலையில் விழுந்தது. அதற்குமேல் டம் டம் பாறை அருகே வரிசையில் நின்றபோது பெடலை மிதித்தபடியே இருந்தேன். பழுத்த டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்வி நின்றால் அதன் பொருள் அங்கே படிந்துவிடும். அடுத்தடுத்த பிரேக்கில் அந்தத் திட்டு மட்டும் கூடுதலாகச் சூடேறி, டிஸ்க் ஒரு சீராகத் தேயாமல் போகும்.

டிஸ்க்கை எட்டு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்தார். அதிகம் 27.94 மி.மீ., குறைவு 27.91. வித்தியாசம் 0.03, ஒரு தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. அதற்கே ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் 26 என்று பொறித்திருந்தது, அதனால் புது டிஸ்க் தேவைப்படவில்லை. லேத்தில் சீவினால் போதும். மாட்டுவதற்குமுன் ஹப் முகத்தில் இருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகச் சுரண்டச் சொன்னேன். ஹப்பில் ஒரு துரும்பு துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பில் அது இரண்டு மடங்கு கோணலாகத் தெரியும். லேத் 800, கழற்றி மாட்டக் கூலி 900, முன் பேட் ஒரு செட் 2,600. ஆக 4,300.

ஜாக்கியில் நின்றபோதே சக்கரத்தை ஒன்பது மணி, மூன்று மணி இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தோம்: டை ராட் எண்டில் ஆட்டம் இல்லை. பன்னிரண்டு, ஆறு மணியிலும் ஆட்டம் இல்லை: பேரிங், பால் ஜாயின்ட் நலம். 31,400 ரூபாய் எஸ்டிமேட்டை அங்கேயே கிழித்தேன். இந்தச் சோதனைக்கு ஆனது இரண்டு நிமிடம். முதல் பட்டறையில் இதைச் செய்திருந்தால் அந்த எஸ்டிமேட்டே பிறந்திருக்காது.

750, 870, 4,300. மொத்தம் 5,920.

அடுத்த மாதமே திரும்பவும் மலைக்குப் போனோம். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதைக் கேட்டு, செங்குத்தான இறக்கமெல்லாம் இரண்டாவது கியரில். நிறுத்தங்களில் பெடலை விட்டு ஹேண்ட்பிரேக். நான்குவழிச் சாலையில் 100இல் ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு வந்தேன், அசையவில்லை. அம்மா தூங்கிக்கொண்டு வந்தார்.

சக்கர நட்டுகளை 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கியது: செலவு 0, ஐந்து நிமிடம்.