பட்டியலும் தேவை, எழுத இடமும் தேவை

பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் குடும்பப் பொருளாதார ஆய்வு ஒன்றை நடத்தினேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் ஏழெட்டுத் தொழில்களை அச்சிட்டு, கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். விடியற்காலையில் மல்லிகை பறித்து, பகலில் நூறு நாள் வேலைக்குச் சென்று, மாலையில் பூக்கட்டும் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மாணவர்கள் 'இதர' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றனர். அட்டவணை தயாரித்தபோது 'இதர' என்பதே மிகப் பெரிய தொழிலாக நின்றது. அம்மக்கள் சொன்ன சொல் எங்கும் பதிவாகியிருக்கவில்லை. பிழை என்னுடையது, மறுபடியும் அந்த ஊர்களுக்குச் சென்றோம்.

நாடு முழுவதும் அவ்வாறு மறுபடியும் செல்ல இயலாது. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கைப்பேசிச் செயலி வழியாக நடைபெறும் முதல் கணக்கெடுப்பு. ஜாதி விவரமும் அதில் கேட்கப்படவிருக்கிறது. 1931-க்குப் பிறகு எல்லா ஜாதிகளுக்குமான கணக்கு வெளியிடப்பட்டதில்லை. எனவே, செயலியில் அந்தக் கேள்விக்கான கட்டம் எப்படி அமையும் என்பது கணினிப் பொறியாளர்கள் மட்டும் முடிவு செய்யும் சிறு விஷயமன்று.

கட்டத்தை மூன்று வகையில் அமைக்கலாம். எதையும் எழுத அனுமதிக்கும் வெற்றுக் கட்டம் ஒன்று. பட்டியலில் உள்ளதை மட்டுமே தேர்ந்தெடுக்கவிடும் மூடிய கட்டம் மற்றொன்று. மூன்றாவது, கணினித் துறையினர் 'காம்போ பாக்ஸ்' என்று அழைப்பது: எழுத்துகளைத் தட்டும்போதே பொருத்தமான பெயர்கள் கீழே விரியும், அவற்றில் இல்லையெனில் சொன்னதை அப்படியே எழுதலாம்.

வெற்றுக் கட்டத்தின் விளைவை 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, ஜாதிவாரிக் கணக்கெடுப்பில் கண்டோம். 1931-இல் 4,147 ஜாதிகள் பதிவாகியிருந்தன. புதிய கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்ததாக மத்திய அரசு 2021-இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மலபாரில் மாப்பிளா என்ற ஒரே பெயர் 40 விதமாக எழுதப்பட்டு, 40 ஜாதிகளாகிவிட்டது. ஜாதிவாரிப் புள்ளிவிவரம் முழுமையாக வெளியாகவே இல்லை.

மூடிய பட்டியலிலும் சிக்கல் உண்டு. பிகார் அரசு தனது ஜாதிவாரிக் கணக்கெடுப்புக்கு எண்ணிட்ட குறியீட்டுப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்தது. அதன் முடிவுகள் 2023 அக்டோபரில் வெளியாகின. ஆனால், மூன்றாம் பாலினத்தவரையும் ஒரு ஜாதியைப்போல் பட்டியலில் சேர்த்தது நீதிமன்றம் வரை சென்றது. பட்டியலைத் தயாரிப்பவரின் பிழை, பதில் சொல்பவரின் அடையாளமாகிவிடுகிறது.

மூன்றாம் வழிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே முன்மாதிரி உண்டு. 2011-இல் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை மொழியியலாளர்கள் ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாகவும், பின்னர் 121 மொழிகளாகவும் வகைப்படுத்தினர். மதுரையில் பெருந்தொகையாக வாழ்வோர் பேசும் சௌராஷ்டிரம், குஜராத்தியின் கீழ் வைக்கப்பட்டது. அதை ஏற்காதவர்கள் உண்டு. எனினும், தாய்மொழி என்ற நிலையில் சௌராஷ்டிரத்தின் பெயரும், அதைப் பேசும் சுமார் 2.47 லட்சம் பேரின் எண்ணிக்கையும் தனியே அச்சாகியுள்ளன. அதனால்தான் அந்த வகைப்பாடு சரியா என்று இன்று நம்மால் விவாதிக்க முடிகிறது. மூடிய பட்டியலில் 'குஜராத்தி' மட்டுமே இருந்திருந்தால், விவாதிப்பதற்கு எண்ணிக்கையே இருந்திருக்காது.

ஆகவே அடிப்படை விதி ஒன்றுதான்: மக்கள் சொன்னதும், அலுவலர் அதற்கு அளிக்கும் குறியீடும் தரவுத்தளத்தில் தனித்தனிப் பத்திகளில் இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றை அழிக்கக்கூடாது. வகைப்பாடு காலத்துக்கேற்ப மாறும். குடும்பன், பண்ணாடி, தேவேந்திரகுலத்தான் உள்ளிட்ட ஏழு பெயர்களை 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின்கீழ் நாடாளுமன்றம் கொண்டுவந்தது 2021-இல்தான். மூலப் பதிவு இருந்தால் இத்தகைய மாற்றத்துக்கேற்பப் பழைய தரவை மறுபடியும் தொகுக்கலாம், இல்லையேல் இயலாது.

செயலிக்கும் சில நெறிகள் தேவை. பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும். எழுத்து வேறுபட்டாலும் ஒலியால் ஒத்த பெயர்களை அது காட்ட வேண்டும். சௌராஷ்டிரர், பட்டுநூல்காரர் போன்ற மாற்றுப் பெயர்கள் ஒரே குறியீட்டுக்குச் சென்றாலும், சொன்ன பெயர் பதிவில் நிற்க வேண்டும். முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் செயலி தானாகவே ஒரு பெயரை நிரப்பிவிடக்கூடாது. அவசரத்தில் அதுவே பதிலாகிவிடும். 'இதர' என்று தேர்ந்தெடுத்தால், என்னவென்று எழுதாமல் அடுத்த கேள்விக்குச் செல்ல இயலாதவாறு இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பெயர்களை மாநில அளவிலான வல்லுநர் குழு ஆராய்ந்து, தன் முடிவையும் அதற்கான காரணத்தையும் வெளியிட வேண்டும்.

இவற்றால் செலவும் காலமும் சற்றுக் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், இடஒதுக்கீடும் நலத்திட்ட நிதியும் இந்த எண்களைக் கொண்டே வாதிடப்படும். பெரிய சமூகத்தின் கணக்கில் சில ஆயிரம் பேர் விடுபட்டாலும் அதன் விகிதம் பெரிதாக மாறாது. சில ஆயிரம் பேரே உள்ள சமூகம் 'இதர' என்ற சொல்லுக்குள் முற்றிலும் மறைந்துவிடும். எங்கள் ஆய்வில் அந்தப் பூக்கட்டும் பெண்ணின் வீட்டுக்கு மீண்டும் செல்ல எங்களுக்கு ஒரு பேருந்துப் பயணம் போதுமானதாக இருந்தது. தேசத்தின் கணக்கெடுப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. சொன்னதைச் சொன்னபடி முதல்முறையே எழுதிவைப்பதுதான் ஒரே வழி.