இணையதளம் வைத்துள்ள வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை



கடைக்குப் பெயர்ப்பலகை வைப்பது போல இணையதளமும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. மொத்த வியாபாரிகள் சரக்கு விவரங்களை அதில் போடுகிறார்கள். மளிகைக் கடைக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்களை எடுக்கிறார்கள். மசாலாப் பொடி, ஊறுகாய், நல்லெண்ணெய் முதலியவற்றைச் சொந்தப் பெயரில் விற்கும் நண்பர்களுக்கு வெளியூர் விசாரணைகளும் இதன் மூலம் வருகின்றன. இவை வரவேற்கத்தக்கவையே.

ஆனால், இணையதளம் தொடங்கிய சில நாட்களிலேயே வாடிக்கையாளர் அல்லாத வேறு சிலரும் தேடி வருகிறார்கள். "உங்கள் தளம் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று ஒரு கடிதம். "கூகுளில் உங்கள் கடையை முதலிடத்திற்குக் கொண்டு வருகிறோம்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. "இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் உங்கள் கடை கூகுள் மேப்பிலிருந்து நீக்கப்படும்" என்று இன்னொன்று. இவ்வாறு வருபவர்களில் நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் உண்டு. பணத்தைப் பறிக்க வருபவர்களும் உண்டு.

ஒரு பிடி மல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தே தரம் சொல்லிவிடும் வணிகர், இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. தன் இணையதளம் யார் பெயரில் உள்ளது, எந்த நிறுவனத்தில் பதிவாகியுள்ளது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரங்கள் அவர் கையில் இல்லை. தளம் செய்து கொடுத்தவரிடமே அவை இருக்கின்றன. நாம் கீழே பார்க்கப் போகும் மோசடிகள் பெரும்பாலும் இந்தக் குறையைப் பயன்படுத்தியே நடக்கின்றன.

நாம் யாருக்குப் பணம் கட்ட வேண்டும்?

இணையதளத்திற்கு இரண்டு செலவுகள் நிச்சயம் உண்டு. ஒன்று, டொமைன் எனப்படும் தளத்தின் பெயருக்கு. இதை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. டாட் காம் பெயரை ஒரு தடவைக்கு 1 முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்து, தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி எனப்படும் அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள் மூலம் நாம் பதிவு செய்கிறோம். இரண்டாவது செலவு, ஹோஸ்டிங். நம் பக்கங்கள் வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டர் இடத்திற்குக் கொடுக்கும் வாடகை இது.

இவற்றைத் தவிர, தளத்தைப் பராமரிப்பவருக்கு நாம் ஒப்புக்கொண்ட கூலி. அவ்வளவுதான். இந்த மூவரைத் தவிர வேறு யாரிடமிருந்து பில் வந்தாலும், அது நாம் கேட்காத சரக்குக்கு வந்த பில் என்றே கொள்ள வேண்டும்.

1. போலிப் புதுப்பித்தல் கடிதம்

இது மிகப் பழைய முறை, இன்றும் நடக்கிறது. உங்கள் தளத்தின் பெயரும் காலாவதித் தேதியும் சரியாகவே குறிப்பிட்டு, பார்வைக்குப் பில் போலவே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வரும். கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எல்லாம் இருக்கும். அனுப்பியவர் உங்கள் பதிவு நிறுவனமாக இருக்க மாட்டார். அடியில் பொடி எழுத்தில் "இது பில் அல்ல" என்றும் சில சமயம் அச்சிட்டிருப்பார்கள். பணம் கட்டினால் உங்கள் பெயர் அதிகக் கட்டணத்தில் வேறு நிறுவனத்திற்கு மாறிவிடும். அல்லது எதற்கும் உதவாத ஏதோ ஒரு 'பட்டியலில் சேர்ப்பதற்கு' அந்தப் பணம் போய்விடும்.

அமெரிக்காவில் இதற்காக அரசே நடவடிக்கை எடுத்த வழக்கு ஒன்று உண்டு. 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்ற நிறுவனம், மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குப் புதுப்பித்தல் அறிவிப்பு போன்ற கடிதங்களை அனுப்பி, அவர்கள் அறியாமலே தன்னிடம் மாறச் செய்தது என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2003-ம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 50,000 பேர் வரையிலானவர்களுக்கு மொத்தம் 3,75,000 டாலர் வரை திருப்பித் தர ஏற்பாடாயிற்று. கடிதம் அனுப்பும் இந்த உத்தி அதோடு நின்றுவிடவில்லை. பல பெயர்களில் பல நாடுகளில் தொடர்கிறது.

அவசரம் காட்டினால் பயப்பட வேண்டாம். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாட்களுக்குள் ஒரு முறையும் பதிவு நிறுவனம் நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐகேன் என்ற உலக அமைப்பின் விதி. தேதி தவறிய பிறகும், பெயர் முழுவதுமாகக் கைவிட்டுப் போகுமுன் கூடுதல் கட்டணத்துடன் மீட்பதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் தளம் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், தேதியை நாமே குறித்து வைத்து முன்னதாகப் புதுப்பிப்பதே நல்லது. கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நம் கணக்கிற்குள் நாமே நுழைந்து தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. "உங்கள் பெயரை இன்னொருவர் கேட்கிறார்"

சீனாவில் உள்ள பதிவு அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு வரும் மின்னஞ்சல் இது. "உங்கள் கடைப் பெயரை டாட் சிஎன், டாட் ஏசியா முதலியவற்றில் பதிவு செய்ய ஒரு கம்பெனி விண்ணப்பித்துள்ளது. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். பதில் போட்டால், "அப்படியானால் நீங்களே முந்திப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று பல பெயர்களுக்குச் சேர்த்துப் பெரிய தொகை கேட்பார்கள்.

இணையப் பெயர்கள் முதலில் கேட்டவருக்கே பதிவாகின்றன. விண்ணப்பம் வந்ததும் உலகில் உள்ள மற்ற வணிகர்களிடமெல்லாம் சம்மதம் கேட்கும் வழக்கம் எந்தப் பதிவு நிறுவனத்திற்கும் இல்லை. ஆகவே அந்த 'இன்னொரு கம்பெனி' பெரும்பாலும் கற்பனையே. சீனாவில் வியாபாரம் செய்யும் எண்ணம் இல்லாதவர் பதில் போடாமல் விட்டுவிடலாம்.

3. "கூகுளில் முதலிடம் உத்தரவாதம்"

நம் வணிகர்களிடம் அதிகப் பணம் இதில்தான் போகிறது என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கூகுளில் தேடும்போது இரண்டு வகையான முடிவுகள் வருகின்றன. ஒன்று, கூகுளுக்குப் பணம் கட்டிப் போடும் விளம்பரம். விளம்பரம் என்ற குறிப்பு அதன்மேல் இருக்கும். மற்றொன்று, கூகுள் தன் கணிப்பின்படி தானே வரிசைப்படுத்துவது. இரண்டாவது வரிசையில் இடம் தர எவரிடமும் பணம் வாங்குவதில்லை என்றும், அதில் முதலிடத்திற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் கூகுள் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. எஸ்.இ.ஓ. என்ற பெயரில் உத்தரவாதம் தருபவர் அந்த ஒரு வார்த்தையிலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்.

அப்படியிருந்தும் சிலர் முதலிடத்தைக் காட்டிவிடுகிறார்களே, எப்படி? மூன்று தந்திரங்கள் உண்டு.

முதலாவது, உங்கள் கடைப் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துத் தேடிக் காட்டுவார்கள். அதற்கு யார் உதவியும் இல்லாமலே உங்கள் கடைதான் முதலில் வரும். இரண்டாவது, உலகில் யாருமே தேடாத நீளமான சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, அதில் முதலிடம் என்பார்கள். போட்டி இல்லாத பந்தயத்தில் முதற்பரிசு போன்றது இது. மூன்றாவது, உங்கள் கடையில் நின்றுகொண்டு உங்கள் போனிலேயே தேடிக் காட்டுவார்கள். தேடுபவர் இருக்கும் இடத்திற்கு ஏற்ப முடிவுகள் மாறும் என்பதால், அங்கே உங்கள் கடை மேலே வருவது இயல்பு.

இதற்கு எளிய சோதனை உண்டு. மல்லி மொத்த வியாபாரி என்றால், வாங்குபவர் எப்படித் தேடுவாரோ அப்படி, "விருதுநகர் மல்லி மொத்த விலை" என்பது போன்ற சொற்களை வெளியூரில் உள்ள உறவினர் போனில் தேடச் சொல்லுங்கள். அங்கே எந்த இடத்தில் வருகிறது என்பதே உண்மை நிலவரம்.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டமும் இதில் உண்டு. சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து உங்கள் தளத்திற்கு இணைப்புகளை விலைக்கு வாங்கிப் போட்டு, உங்கள் தளம் பிரபலமானது என்று கூகுளை நம்பவைக்கப் பார்ப்பார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை தளத்திற்குத்தான். அமெரிக்காவின் பெரிய துணிக்கடை நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு 2011-ல் இதுவே நேர்ந்தது. அதன் தளத்திற்கு இவ்வாறு ஏராளமான இணைப்புகள் போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. பல சொற்களுக்கு முதலிடத்தில் இருந்த தளம் பல பக்கங்கள் பின்னே தள்ளப்பட்டது. இது தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கூறிய நிறுவனம், அந்த வேலையைக் கவனித்த ஆலோசகர்களை நீக்கியது. தெரியாமல் நடந்தது என்பதற்காகத் தண்டனை வராமல் போகவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கே அந்த நிலை என்றால், சிறு வணிகர் எந்த மூலைக்கு?

நேர்மையாக வேலை செய்பவர் எப்படிப் பேசுவார்? தளம் போனில் விரைவாகத் திறக்கிறதா, முகவரியும் கடை நேரமும் சரியாக உள்ளனவா, சரக்கின் படமும் விவரமும் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பார். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்பார். செய்யப்போகும் வேலையை எழுதிக் கொடுத்து, ஜி.எஸ்.டி. எண்ணுள்ளவராயின் அதனுடன் முறையான பில் தருவார். "இந்த மாதம் பத்தாயிரம் பேர் உங்கள் தளத்தைப் பார்த்தார்கள்" என்று கணக்குக் காட்டினால் மயங்க வேண்டாம். பார்வைகளையும் விலைக்கு வாங்க முடியும். அதனால் எத்தனை விசாரணைகள், எத்தனை ஆர்டர்கள் வந்தன என்று கேளுங்கள்.

4. "கூகுளிலிருந்து பேசுகிறோம்"

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவர் கூகுள் ஆள் அல்ல. 2018-ம் ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் இத்தகைய கும்பல் ஒன்றின்மேல் புளோரிடா மாநிலத்தில் வழக்குத் தொடர்ந்தது. கூகுள் சார்பில் பேசுவதாகச் சொல்லி, "உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று காட்டப்படும்" என்று மிரட்டி, சிறு கடைக்காரர்களிடம் 300 முதல் 700 டாலர் வரை வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு.

பணத்தைவிட முக்கியமான ஒன்றையும் இவர்கள் கேட்பது உண்டு. உங்கள் போனுக்கு வரும் உறுதிச் சொல் எண், அதாவது ஓ.டி.பி. அதைச் சொல்லிவிட்டால் உங்கள் கடையின் பதிவை அவர்கள் கைப்பற்றி, அதிலுள்ள போன் எண்ணை மாற்றிவிட முடியும். பிறகு உங்களுக்கு வர வேண்டிய ஆர்டர் வேறு ஒருவருக்குப் போகும். வாடிக்கையாளர் முன்பணம் கட்டி ஏமாந்தால், கெட்ட பெயர் உங்கள் கடைக்கு. ஆகவே அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

5. பெயர் யாருடையது?

இதை மோசடி என்று எப்போதும் சொல்ல முடியாது. பல இடங்களில் கவனக்குறைவே. தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுகிறார். நாளை அவருடன் மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, அவர் தொழிலை விட்டுப் போனாலோ, பல ஆண்டுகள் விளம்பரம் செய்து, பைகளிலும் பில்லிலும் அச்சடித்த பெயர் நம்முடையதாக இருக்காது. அவர் கேட்கும் தொகையைக் கொடுக்கும் நிலை வரும். கடை வாடகை ஒப்பந்தத்தை மேஸ்திரி பெயரில் எழுத நாம் சம்மதிப்போமா? இதுவும் அப்படித்தான். உறவு நன்றாக இருக்கும்போதே பெயரை மாற்றித் தரக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரேட்டில் ஒரு பக்கம்

மேற்கண்ட எல்லாவற்றுக்கும் பொதுவான பாதுகாப்பு ஒன்றே. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றை எழுதி வையுங்கள்:

1. டொமைன் பெயர், அது யார் பெயரில் உள்ளது, எந்தப் பதிவு நிறுவனம், எந்த மின்னஞ்சல்.

2. காலாவதித் தேதி, கடந்த ஆண்டு கட்டிய தொகை.

3. ஹோஸ்டிங் நிறுவனம், அதன் தவணைத் தேதி, தொகை.

4. கூகுள் மேப் பதிவின் உரிமையாளர் கணக்கு எது என்ற விவரம். வேலைக்காரரையோ ஒப்பந்தக்காரரையோ மேலாளராக மட்டும் சேர்க்கலாம். உரிமை நம்மிடமே இருக்க வேண்டும்.

5. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ பே அனுமதி யாருக்குக் கொடுத்திருக்கிறோம்.

பாஸ்வேர்டுகளை இந்தப் பக்கத்தில் எழுதாமல் தனியே பத்திரமாக வைக்கவும். இனி எந்தக் கடிதம் வந்தாலும் இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரும் தேதியும் தொகையும் பொருந்தவில்லை என்றால் குப்பைக் கூடையில் போடலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. கடிதம், மின்னஞ்சல், அழைத்த எண், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். கம்ப்யூட்டர் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-டி-யின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.

ஒரு முறை ஏமாந்தவரை மறுபடியும் தேடி வருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று சொல்லிக் கட்டணமோ யு.பி.ஐ. பின் எண்ணோ கேட்பார்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் எண் போட வேண்டிய அவசியமே இல்லை.

இணையதளம் நம் வியாபாரத்திற்கு நல்ல துணை. அதைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. கொள்முதலில் காட்டும் அதே கறாரை இதிலும் காட்டினால் போதும். சந்தேகத்திற்குரிய கடிதமோ அழைப்போ வந்த உறுப்பினர்கள், அந்த விவரத்தை அடுத்த கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரு கடைக்கு வந்த கடிதம் நாளை அடுத்த கடைக்கும் வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவருடைய பணமாவது மிஞ்சும்.