பரணில் கிடக்கும் பேக்கோ வீடுகள்

உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகளின் பழைய விளையாட்டுச் சாமான்கள் ஏதேனும் கிடக்கின்றனவா? மூடி கிழிந்த அட்டைப் பெட்டி, அதனுள் பாதி தொலைந்துபோன துண்டுகள், துருவேறிய சில கம்பிகள்? "இது எதற்கு உதவும்?" என்று நாம் பழைய சாமான்காரரிடம் எடை போட்டு விடுகிறோம். ஆனால் இங்கிலாந்தில், தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்ட ஒரு பொம்மை வீட்டின் ஒற்றை ஜன்னலுக்காகச் சந்தை சந்தையாக அலைவோர் இருக்கின்றனர். அந்தப் பொம்மையின் பெயர் பேக்கோ.

பழைய ரேடியோப் பெட்டியும், கறுப்புத் தொலைபேசியும், சுவரில் இருந்த மின்விசைக் குமிழும் நினைவிருக்கும் பெரியவர்களுக்குப் பேக்கலைட் புதிதன்று. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்பவர் 1907-இல் கண்டறிந்த பொருள் அது. ஒருமுறை அச்சில் வார்த்து இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. லிவர்பூல் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிளிம்டன் என்ற பொறியாளர், இதைக் கொண்டு சிறுவர்களே வீடு கட்டும் பொம்மை ஒன்றை வடிவமைத்தார். 1934-இல் அது விற்பனைக்கு வந்தது. பேக்கலைட்டின் பெயரிலிருந்தே பேக்கோ என்ற பெயரும் பிறந்தது.

அதன் அமைப்பு மிக எளியது. வரிசை வரிசையாகத் துளைகள் இடப்பட்ட ஓர் அடித்தளம். அத்துளைகளில் மெல்லிய எஃகுக் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இரு கம்பிகளுக்கு இடையே செங்கற்களை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால் சுவர் எழுந்துவிடும். கதவும் ஜன்னலும் அவ்வாறே இறங்கும். மேலே கூரையை வைத்தால் வீடு முடிந்தது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம். சிவப்பு வெள்ளைச் செங்கலும், பச்சை ஜன்னலும், சிவப்புக் கூரையுமாக நிற்கும் வீட்டைப் பார்த்தால் அக்கால இங்கிலாந்தின் புறநகர்த் தெரு கண்முன் வரும். வளைந்து முன்தள்ளிய ஜன்னல்கள் கூட அதில் உண்டு.

பிளிம்டன் 1948-இல் காலமானார். அவருடைய துணைவியார் ஆட்ரி தொழிற்சாலையை மூடிவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் தாமே நிர்வாகப் பொறுப்பை ஏற்று நடத்தினார். பேக்கோவைப் பற்றிப் பேசுவோர் கணவரையே அதிகம் புகழ்கின்றனர். அந்த அம்மையாருக்குரிய பங்கு இன்னும் சரிவரக் கொடுக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னர் தொழில் மெக்கானோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. பேக்கலைட்டுக்குப் பதில் பாலிஸ்டைரீன் வந்தது, நிறங்களும் மாறின. அதே ஆண்டுகளில் லெகோ இங்கிலாந்துச் சந்தையில் நுழைந்தது. கம்பியே தேவையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் பற்றிக்கொள்ளும் கல்லோடு பேக்கோவால் போட்டியிட முடியவில்லை. 1967-இல் அது முடிவுக்கு வந்தது.

இனி, சேகரிப்போரின் கவலைக்கு வருவோம். பேக்கோவில் முதலில் அழிவது கம்பி. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, துளையை அடைத்துக்கொள்ளும். இழுத்துப் பிடுங்கினால் அடித்தளமே கீறிவிடும். வளைந்த கம்பியைக் கண்ணாடிப் பலகையின் மீது உருட்டினால் எங்கே கோணல் என்று தெரியும். பேக்கலைட் கல் கடினமானது, ஆனால் தரையில் விழுந்தால் உடையும். அதை நெடுநேரம் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. மிதமான சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பாலிஸ்டைரீன் துண்டுகளோ நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் கரைந்து போகும். இரண்டும் கலந்து கிடக்கும் பெட்டியை வாங்குவோர் முதலில் பிரித்துக்கொள்வது இதனால்தான். கூர்மையான கம்பிகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் அவசியம். இன்றைய பெற்றோர் இப்படி ஒரு பொம்மையைக் கடையில் கண்டால் வாங்குவார்களா என்பது ஐயமே.

பழைய பெட்டியைப் பிரித்து, ஜன்னல் தனி, கூரை தனி, செங்கல் எண்ணிக்கை வைத்துத் தனி என விற்போர் உள்ளனர். அதில் வருவாய் கூடலாம். ஆனால் பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகமும், ஒரு குடும்பத்தார் பல்லாண்டு காத்த துண்டுகளும் திசைக்கொன்றாய்ச் சிதறிப்போகும். மறுபுறம், பாதித் துண்டுகளோடு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு அந்த ஒரு கதவு கிடைத்தால்தான் வீடு எழும்பும். எது சரி? முழுமையாக இருக்கும் பெட்டியைப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஏற்கெனவே குறைபட்ட பெட்டியை மற்றவர்களுக்குப் பகிர்வதில் தவறொன்றும் காணேன்.

துருப்பிடித்த கம்பிகளுக்குப் பதிலாகப் புதிய எஃகுக் கம்பியை அளவு பார்த்து வெட்டிச் செருகுவதும் உண்டு. கட்டி விளையாடுவதற்கு அது போதும். ஆனால் பெட்டியை விற்க நேரும்போது, எத்தனை கம்பி பழையது, எத்தனை புதியது என்பதை வாங்குபவரிடம் எண்ணிச் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.