முனையப் போன்மியில் தமிழ்

முனையப் போன்மி என்பது பழைய கணினி முனையத்தின் வேலையைத் திரைச் சாளரம் ஒன்றுக்குள் செய்து காட்டும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது டெர்மினல் எனப்படுகிறது. ஒருங்குறி எழுத்துகளைக் காட்டவல்ல போன்மிகள் ஒருங்குறி முனையங்கள் எனப்படும். ஆயினும் இவற்றுள் பலவற்றில் தமிழ் சிதைந்தே தெரிகிறது. கொம்பு இடம் மாறி நிற்கும். உகரக் குறி பிரிந்து நிற்கும். சுட்டி ஓரிடத்தில் இருக்க, அழிவது வேறோர் எழுத்தாக இருக்கும். இச்சிக்கல்களின் காரணங்களையும், மார்க் லேமன் உருவாக்கிய ஆர்எக்ஸ்விடி-யூனிகோடு என்னும் கட்டற்ற முனையத்தைப் பல்வேறு இயங்குதளங்களில் தொகுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. சோதனைச் சொற்களாகத் தாமிரபரணிக் கரை ஊர்ப்பெயர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கட்டமும் எழுத்தும்

1978இல் வெளிவந்த விடி100 முனையத்தின் திரை 24 வரிகளும் 80 நிரல்களும் கொண்டது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்பதே அதன் விதி. இன்றைய போன்மிகளும் அந்தக் கட்ட அமைப்பையே பின்பற்றுகின்றன. ஆங்கிலத்துக்கு இது பொருந்துகிறது. தமிழிலோ ஒரே சொல்லுக்கு நான்கு வெவ்வேறு எண்ணிக்கைகள் உண்டு. 'திருநெல்வேலி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால்:

- படிப்பவர் எண்ணும் எழுத்துகள்: 6
- ஒருங்குறிக் குறியெண்கள்: 12
- யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள்: 36
- பழைய அகலக் கணக்கின்படி முனையக் கட்டங்கள்: 11

கடைசி எண்ணுக்குக் காரணம் ஒருங்குறிப் பட்டியலின் வகைப்பாடு. அது துணைக்குறிகளை இடம் பிடிப்பவை, இடம் பிடிக்காதவை என்று பிரிக்கிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. ஏனைய உயிர்க்குறிகள் இடம் பிடிப்பவை. மார்க்கசு கூன் எழுதிப் பரவலாகக் கையாளப்பட்ட அகலச் சார்பு இந்த வகைப்பாட்டைப் பின்பற்றியது. அதன்படி 'நி' இரண்டு கட்டம். 'நீ' ஒரே கட்டம். தமிழ் படிப்பவருக்கு இவ்வேறுபாட்டில் பொருள் ஏதுமில்லை.

பைத்தான் மொழியின் அகல நிரலகம் 2023இல் வந்த 0.2.9 பதிப்பில் இக்கணக்கை மாற்றி, உயிர்க்குறிகளுக்குத் தனி இடம் தராமல் விட்டது. அதன்படி திருநெல்வேலி ஆறே கட்டம். நிரல் ஆறு என்றும் முனையம் பதினொன்று என்றும் கணக்கிட்டால் சுட்டி ஐந்து கட்டம் தவறிவிடும். முனையத்தில் தமிழ் குழம்புவதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கு முரண்பாடே காரணம்.

மூல நிரலிலிருந்து தொகுத்தல்

லினக்சில் தொகுப்பதற்கு மூன்று படிகள் உள்ளன: 'கான்ஃபிகர்' நிரலை ஓட்டிக் கணினியின் வசதிகளைச் சோதித்தல், 'மேக்' கட்டளையால் தொகுத்தல், பிறகு நிறுவுதல். சி++ தொகுப்பியுடன் எக்ஸ்11, ஃபிரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், எக்ஸ்எஃப்டி ஆகிய நிரலகங்களும், நீட்சிகள் வேண்டுமெனில் பெர்ல் மொழியும் தேவை. நிரலகம் மட்டும் இருந்தால் போதாது. அதன் தலைப்புக் கோப்புகள் அடங்கிய மேம்பாட்டுப் பொதியும் வேண்டும். டெபியன், உபுண்டு வகைகளில் அது தனிப் பொதியாக வருகிறது. 'கோப்பு இல்லை' என்று தொகுப்பு நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

தமிழைப் பொறுத்தவரை மூன்று தெரிவுகள் முக்கியமானவை.

1. எக்ஸ்எஃப்டி ஆதரவு. இது விடுபட்டால் பழைய புள்ளிப்பட எழுத்துருக்கள் மட்டுமே கிடைக்கும். இன்றைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்த முடியாது.

2. துணைக்குறி இணைப்பு. இது இல்லையேல் புள்ளி தன் மெய்யோடு சேராது.

3. 65,535க்கு மேற்பட்ட குறியெண்களுக்கான 'யூனிகோடு3' தெரிவு. இதை இயக்கினால் ஓர் எழுத்துக்கு 2 பைட்டுக்குப் பதில் 4 பைட்டு நினைவகம் செலவாகும். அன்றாடத் தமிழுக்கு இது தேவையில்லை. தமிழ்த் தொகுதி 2944 முதல் 3071 வரையிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறி 12.0 பதிப்பில் சேர்ந்தபோது அந்த எல்லைக்கு அப்பால் வைக்கப்பட்டன. கல்வெட்டிலோ பழைய நிலக்கணக்கிலோ உள்ள அக்குறிகளைத் தட்டச்சு செய்வோருக்கு இத்தெரிவு அவசியம்.

தொகுத்து முடித்ததும் முனையத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்தால் எந்தெந்த வசதிகள் சேர்ந்துள்ளன என்ற பட்டியல் கிடைக்கும். நிறுவும் முன் அதைச் சரிபார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இயங்குதள வேறுபாடுகள்

லினக்சில் அகல எழுத்து வகை ஒருங்குறி எண்ணையே தாங்குகிறது. ஃபிரீபிஎஸ்டி, சொலாரிசு ஆகியவை அதற்கு உறுதி தருவதில்லை. இடச்சூழல் அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால்தான் இம்முனையம் அங்கு ஒழுங்காக இயங்கும். விண்டோசில் இதை நேரடியாகத் தொகுக்க இயலாது. சிக்வின் சூழலும் எக்ஸ் வழங்கியும் வேண்டும். சிக்வினில் அகல எழுத்து 16 பிட்டு மட்டுமே என்பதால் மேற்சொன்ன பின்னக் குறிகள் அதில் அடங்கா. மேக் கணினிகளில் 2012க்குப் பின் எக்ஸ்11 உடன் வருவதில்லை. எக்ஸ்குவார்ட்சைத் தனியே நிறுவ வேண்டும்.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமையால் மற்றொரு சிக்கலும் உண்டு. அது கோப்புப் பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும். 'பாளையங்கோட்டை' என்ற பெயரில் 13 குறியெண்கள் உள்ளன. ஓகாரக் குறி இரட்டைக் கொம்பாகவும் துணைக்காலாகவும் பிரிந்தால் அவை 14 ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்சுக்கோ இரண்டும் வெவ்வேறு கோப்புகள்.

பழுது அறிதல்

வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால், தமிழ் எழுத்துரு இல்லை அல்லது எக்ஸ்எஃப்டி விடுபட்டுள்ளது.

தமிழ் எழுத்துக்குப் பதில் மும்மூன்றாக அன்னியக் குறிகள் தோன்றி, ஒவ்வொரு மூன்றும் ஒரே குறியில் தொடங்கினால், எழுத்துரு சரியாக இருக்கிறது. இடச்சூழல் அமைப்புதான் யூடிஎஃப்-8 அல்ல. முனையத்தைத் தொடங்கும் முன்பே அதை மாற்ற வேண்டும்.

தொலைவிலுள்ள கணினியில் நுழைந்ததும் 'முனைய வகை தெரியாது' என்ற செய்தி வந்தால், அங்கு இம்முனையத்தின் விவரக்குறிப்பு இல்லை. 'இன்ஃபோகம்ப்' கட்டளையால் அதை எடுத்து, 'டிக்' கட்டளையால் அங்கே சேர்க்கலாம்.

'நெ' என்பதில் ஒற்றைக் கொம்பு நகரத்துக்குப் பின்னால் நின்றாலோ, 'ரு' இரண்டாகப் பிரிந்தாலோ, எழுத்து வடிவாக்கம் நடைபெறவில்லை என்று பொருள். ஆர்எக்ஸ்விடி-யூனிகோடில் இதற்கான பொறி இல்லாததால் எத்தனை முறை தொகுத்தாலும் இது தீராது. வடிவாக்கம் செய்யும் எம்எல்டெர்ம் போன்ற வேறு முனையத்துக்கு மாறுவதே வழி.

அட்டவணையின் நிரல்கள் வரிசை தவறினால் நிரலின் எண்ணும் முறையைப் பார்க்க வேண்டும். அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டத்தைப் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அச்சிடும் சி நிரல் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெயருக்கு 20 இடம் ஒதுக்கினாலும் எண்கள் நேராக நிற்கா. சி மொழி பைட்டுகளை எண்ணுகிறது. பாபநாசம் 24 பைட்டு, மணிமுத்தாறு 33 பைட்டு. இரண்டுமே 20ஐத் தாண்டிவிட்டதால் இடைவெளி சேர்க்கப்படுவதே இல்லை. கட்ட அகலத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரலே சேர்க்க வேண்டும்.

தரவும் தோற்றமும்

திரையில் சிதைந்து தெரிவதால் கோப்பு சிதைந்துவிட்டது என்று பொருளல்ல. அதே கோப்பை உலாவியில் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதை அறியாதவர்கள் முனையத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று கொம்பை முதலிலும் மெய்யை அடுத்தும் தட்டச்சு செய்வதுண்டு. 1990களின் டிஸ்கி குறியேற்றத்தில் அவ்வாறு பார்வை வரிசையில் சேமிப்பதே முறையாக இருந்தது. ஒருங்குறியில் மெய் முதலில், உயிர்க்குறி பின்பு. வரிசையை மாற்றித் தட்டிய 'நெல்லை' அந்த முனையத்தில் சரியாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. அகரவரிசையிலும் தன் இடத்தில் நிற்காது. பின்னாளில் திருத்தப்பட வேண்டியது முனையம் மட்டுமல்ல, தரவு முழுவதும் என்றாகிவிடும்.

இன்றைய நிலை

அண்மைக் காலத்தில் சில முனையங்கள் குறியெண்களை விடுத்து, படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் தொகுப்பையே அலகாகக் கொள்ளத் தொடங்கியுள்ளன. விண்டோசு டெர்மினலின் 1.22 முன்னோட்டப் பதிப்பு 2024இல் இவ்வசதியைப் பெற்றது. ஆயினும் முனையம் மட்டும் மாறினால் போதாது. அதில் ஓடும் ஓடு, தொகுப்பான், தொலைக் கணினி ஆகிய அனைத்தும் ஒரே கணக்கைக் கையாள வேண்டும். எனவே புதிய முனையம் எதை நிறுவினாலும் முதலில் 'திருநெல்வேலி' என்று தட்டச்சு செய்து, பின்னழிப்பு விசையால் ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்ப்பது நல்ல சோதனையாகும். உகர இணைப்பு, கொம்பு இடமாற்றம், புள்ளி, சுட்டியின் நிலை ஆகிய நான்கையும் அந்த ஒரே சொல் காட்டிக்கொடுத்துவிடும்.